றொக்சனைக் கொடுத்து நான் வாங்கியது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பந்தாட்டம் பிடிக்காது. இருபத்திரண்டு தடிமாடுகள் ஒரு பந்துக்குப் பின்னால் ஓடுவதை வாயைப் பிளந்துகொண்டு பார்க்க எனக்கு நேரமில்லை. விடிந்தால் முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு எட்டாம் நம்பர் மலையில் ஏறி இறங்குகிற கொழுந்துக் கங்காணி நான். பெயர் அந்தோனியம்மா. இந்தத் தோட்டத்தில் கங்காணி வேலைக்கு வந்த முதல் பெண். அதனால் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

பந்தாட்டத்தைவிடவும் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. அது அண்டா கழுவுவது.

எங்கள் ஓடைமலைத் தோட்டம் கொட்டகலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு பிரிவு. தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கும் கப் மேட்ச் நடக்கும். மேட்ச் முடிந்ததும் தோட்டத்துக்கே விருந்து. சோறு, பருப்பு, கோழிக்கறி, கத்தரிக்காய். சட்டம் என்னவென்றால், தோற்ற டிவிசன்தான் சமைத்துப் பரிமாறிப் பாத்திரமும் கழுவ வேண்டும். தோற்பது யார்? ஆண்பிள்ளைகள். அடுப்படியில் நிற்பது யார்? நாங்கள். அந்த மடையர்கள் தோற்றுவிட்டு வந்து, முழங்காலில் அப்பிய சேற்றோடு முதல் பந்தியில் உட்கார்ந்து, கறியில் உப்புக் குறைவு என்று வேறு சொல்வார்கள். இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் இப்போது உயிரோடு இல்லை. பிழைத்தான்.

ஐந்து வருஷம் தொடர்ந்து எங்கள் கீழ் டிவிசன் தோற்றது. ஐந்து வருஷமும் நானும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்களும் முந்நூறு பேருக்குப் பொங்கிப் போட்டோம். கடைசிப் பந்தியில் ஆறிப்போன சோற்றை நின்றுகொண்டே தின்றோம். பிறகு ஓடையில் இறங்கி அண்டா தேய்த்தோம். ஐப்பசி மாதத்து ஓடைத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

இந்த வருஷமும் மேட்சுக்குக் கூட்டம் போட்டார்கள். ஐந்து வருஷமாகக் கீழ் டிவிசன் டீமுக்கு மெனேஜராக இருந்தவர் ஜோர்ஜ். என் புருஷன்தான், வேறு யார்? "இந்தத் தடவ கட்டாயம் பாத்துக்கலாம்" என்று எழுந்து ஆரம்பித்தார். போன வருஷமும் இதே பேச்சு. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னாத்தப் பாத்துக்குவீங்க? அஞ்சு வருசமா அண்டாவுக்குள்ள தலைய விட்டுப் பாத்துக்கிட்டு இருக்கிறது நாங்க! ஒங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லையா?"

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "அப்ப நீங்களே மெனேஜரா இருங்கக்கா" என்றான். கேலிக்குத்தான் சொன்னான்.

"இருக்கேன்டா. எழுதுங்க கண்டாக்கையா, எம் பேர."

கண்டாக்கையா எங்கள் மலை வேலைகளைப் பார்க்கிற உத்தியோகத்தர். மேட்சுக்கு நடுவரும் அவர்தான். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், ஜோர்ஜை ஒருமுறை பார்த்தார், பிறகு கொப்பியில் எழுதிவிட்டார். ஜோர்ஜ் வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை. வந்தபிறகு சோறு கேட்டார்.

இனி ஆள் சேர்க்க வேண்டும். வயசுப் பிள்ளைகளெல்லாம் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டதால், டிவிசனுக்கு ஆறு பேருக்கு மேல் தேறாது. எங்கள் ஆறில் ஜோர்ஜும் ஒருவர். வயது ஐம்பத்திரண்டு, அவருக்கு முன்னால் அவர் வயிறு வந்து நிற்கும். மிச்ச ஐந்து பேரை ஃபேக்டரி லயத்திலிருந்து எடுப்பது வழக்கம். ஃபேக்டரி லயம் எந்த டிவிசனிலும் சேராது. யார் தோற்றாலும் அவர்கள் சமைக்க மாட்டார்கள், வந்து தின்றுவிட்டுப் போவதோடு சரி.

முன்பெல்லாம் மேல் டிவிசன் மெனேஜர் முத்துலிங்கம் நல்ல ஆட்டக்காரர்களை முன்கூட்டியே கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்து மடக்கிவிடுவார். அவர் ஃபேக்டரி லொறி டிரைவர். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்கு எரியும். இந்த வருஷம் கண்டாக்கையா அதற்கு ஒரு வழி செய்தார். மேட்சுக்கு இரண்டு வாரம் முந்திய ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஃபேக்டரி லயத்துப் பையன்கள் பத்துப் பேரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். இரண்டு மெனேஜரும் மாறி மாறி ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்க வேண்டும். போன வருஷம் தோற்றவருக்கு முதல் வாய்ப்பு. அதாவது எனக்கு.

"மதுரன எடு" என்றார் ஜோர்ஜ். "ஒண்ணும் யோசிக்காத. கண்ண மூடிக்கிட்டு மதுரன எடு."

போன வருஷம் எங்களுக்கு எதிராக ஐந்து கோல் போட்டவன் இந்த மதுரன். எனக்கும் தெரியாமல் இல்லை. அவன் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் போனேன்.

பெரட்டுக் களம் என்றால், காலையில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம். தினமும் நான் நிற்கிற இடம். அன்றைக்கும் அதே இடத்தில் அதே மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றேன். மூடுபனி விலகவில்லை. ஒன்பது பையன்கள் நின்றார்கள். மதுரனைக் காணோம். ஏழு ஐந்து, ஏழு பத்து. ஏழே காலுக்குத் தலையைச் சீவிக்கொண்டே பனிக்குள்ளிருந்து ஆடி அசைந்து வந்தான்.

நான் பேசவில்லை, என் வாய்தான் பேசியது. பதினோரு வருஷம் தினமும் பேசிப் பழகிய வாய்.

"இப்பதான் விடிஞ்சிச்சா தொரைக்கு? பெரட்டு முடிஞ்சிச்சு. அரைப்பேரும் கெடையாது, அரைநாள் சம்பளமும் கெடையாது. திரும்பி வீட்டுக்குப் போ!"

"அம்மா, இது வேலைப் பெரட்டு இல்ல" என்று கண்டாக்கையா மெதுவாகச் சொன்னார்.

"பெரட்டுன்னா பெரட்டுதாங்கையா. இன்னைக்கு இவன விட்டா நாளைக்கு எம் முப்பது பேரும் எட்டு மணிக்கு வந்து நிப்பாங்க. எனக்கு இவன் வேணாம். நான் கிஷாந்த எடுக்குறேன். ஆறே முக்காலுக்கே வந்து நின்ன பிள்ள."

ஜோர்ஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முத்துலிங்கம் சிறிது நேரம் நம்பவே இல்லை. பிறகு, "மதுரன்" என்றார்.

செய்தது தப்பு என்று எனக்கு உடனே புரிந்தது. ஆனால் முப்பது பேர் வேடிக்கை பார்க்கும்போது கங்காணி சொன்ன சொல்லை மாற்றலாமா? மிச்ச நான்கு பேரையும் அதே நியாயப்படிதான் எடுத்தேன். நேரத்துக்கு வந்தவன், சட்டைப் பொத்தான் போட்டவன், கேட்டதற்குப் பதில் சொன்னவன், எச்சில் துப்பாதவன். ஐந்து பேரும் தங்கமான பிள்ளைகள். ஒருவனுக்கும் பந்தை உதைக்கத் தெரியாது.

கிஷாந்த் மட்டும் ஒன்றுக்கு உதவுவான். ஃபேக்டரியில் லொறியிலிருந்து வீசுகிற மூட்டையை ஏந்திப் பிடிப்பது அவன் வேலை. அதனால் அவனைக் கோல் காக்க நிறுத்தலாம். கோல் போடத்தான் ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை முத்துலிங்கம் கொழுந்து ஏற்ற வந்தவர், லொறியிலிருந்து தலையை நீட்டினார்.

"அக்கா, ஒங்ககிட்ட கோல் போட ஆளில்ல. எங்கிட்ட கோல் காக்க ஆளில்ல. கிஷாந்த குடுங்க, விஜிதரன தாரேன்."

மதுரனுக்கு அடுத்த ஆட்டக்காரன் விஜிதரன். இப்படி வலிய வந்து கொடுக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் இடித்தது. "ஏன் தாரீங்க?" என்று கேட்டேன்.

"நமக்குள்ள என்னாக்கா."

ஜோர்ஜ் என் முதுகைச் சுரண்டினார். "குடு குடு, மனுசன் மனசு மாறுறதுக்குள்ள குடு." விசில் ஊதும்வரை ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருந்தது. கண்டாக்கையாவின் கொப்பியில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் வேலை முடிந்து பழக்க ஆட்டம். விஜிதரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். அடேயப்பா! நான்கு பேரைச் சுற்றிக்கொண்டு தனியாகக் கோலை நோக்கிப் போனான். எதிரே ஆளே இல்லை. எனக்கே கை தட்ட வந்தது. அப்போது கோல் கம்பத்துக்குப் பின்னால், லொறியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார் முத்துலிங்கம்.

விஜிதரன் நின்றான். மடித்த சாரத்தை அவிழ்த்து இறக்கிவிட்டான். பந்தை விட்டு ஒதுங்கிக் கையைக் கட்டிக்கொண்டு, "வாங்க மாமா" என்றான்.

பந்து தானாக உருண்டு தேயிலைக்குள் போய் விழுந்தது.

"என்னடா மாமா? யாருக்கு மாமா?" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

முத்துலிங்கத்தின் மகள் சர்மிளாவை அவனுக்குப் பேசி, போன வாரம்தான் தட்டு மாற்றியிருக்கிறார்கள். நாலு வீட்டுக்கு மட்டும் சொல்லிச் செய்த காரியம்.

"ஒங்களுக்குச் சொல்லலையாக்கா? மறந்தே போச்சே" என்றார் முத்துலிங்கம், அதே சிரிப்போடு. "நல்ல பையன். ரொம்ப மரியாத தெரிஞ்ச பையன்."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் இரண்டு கத்தரிக்காயைக் குறுக்காக வெட்டிவிட்டேன். அந்த மனுஷன் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டான். மறுபடியும் ஓடை, மறுபடியும் அண்டா. படுத்தால் தூக்கம் வரவில்லை. மாதாவே, ஒரே ஒரு வருஷம் சூடான சோற்றை உட்கார்ந்து தின்ன விடு என்று வேண்டிக்கொண்டேன். நான் பெரிதாக வேறென்ன கேட்டேன்?

மிச்சம் ஒரே வழி இருந்தது, றொக்சன். ஃபேக்டரி லயத்துப் பையன். கொழும்பில் துணிக்கடையில் வேலை, அங்கே ஒரு கிளப்புக்கும் ஆடுகிறான். மதுரனை அவன் பக்கத்தில் நிறுத்தினால் மதுரன் பந்து பொறுக்கத்தான் லாயக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். தோட்டத்தை விட்டுப் போய் ஒரு வருஷம் தாண்டியவர்களுக்குப் பெரட்டுக் கிடையாது, தெரிவும் கிடையாது. தீபாவளிக்கு ஊர் வந்து இறங்கும்போது எந்த மெனேஜருக்கு முதலில் சரி என்று சொல்கிறார்களோ அவருக்குத்தான். தீபாவளிக்கு முதல் நாள் காலை ரயிலில் வருகிறான் என்று அவன் அக்கா சொன்னாள். எனக்குச் சொன்னவள் முத்துலிங்கத்துக்குச் சொல்லாமல் இருப்பாளா? அவர் லொறியைக் கழுவி, ஒரு மாலையும் வாங்கிக்கொண்டு கொட்டகலை ஸ்டேசனுக்குப் போய் நின்றார்.

நான் கொட்டகலைக்குப் போகவில்லை. பஸ் ஏறி அதற்கு முந்திய ஸ்டேசனான அட்டனுக்குப் போனேன். ஒரே ஒரு ஸ்டேசனுக்கு டிக்கெட் எடுத்து, அதே ரயிலில் ஏறினேன். பண்டிகைக் கூட்டம், கால் வைக்க இடமில்லை. எத்தனை பேருடைய காலை மிதித்தேனோ, எத்தனை பேர் என்னைச் சிங்களத்திலும் தமிழிலும் ஏசினார்களோ. மூன்றாவது பெட்டியின் வாசலில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டியபடி நின்றான் றொக்சன். அந்த வயரைப் பிடுங்கினேன்.

"தம்பி, கீழ் டிவிசனுக்கு ஆடுறியா?"

"ஆன்ட்டி? நீங்க எங்க இங்க?"

அதற்குள் ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டது. ஒரே இருட்டு. வழக்கம்போல ரயிலில் இருந்த அத்தனை பேரும் ஓவென்று கத்தினார்கள். சின்னப் பிள்ளைகள்தான் கத்தும் என்றில்லை, என் பக்கத்தில் நின்ற நரைத்த தலைக்காரரும் கத்தினார். அவன் ஓடிவிடாமல் இருக்க அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். வெளிச்சம் வந்தபோது கொட்டகலைக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான் இருந்தது.

"ஆடுறேன் ஆன்ட்டி. ஆனா நாலு கண்டிசன். பத்தாம் நம்பர் ஜெர்சி எனக்கு. முதுகுல எம் பேர் இங்கிலீஷ்ல இருக்கணும். மொதப் பந்தியில கோழிக்கால். ஆடுறப்ப யாரும் என்னயப் பாத்துக் கத்தக்கூடாது."

கடைசியைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். "மொத மூணும் சரி. கத்துறத மட்டும் கொறைச்சிக்கிறேன்."

"எவ்வளவு?"

"பாதி."

"சரி ஆன்ட்டி."

கொட்டகலை மேடையில் மாலையோடு நின்ற முத்துலிங்கத்தின் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். என் குடையை றொக்சன் பிடித்துக்கொண்டு வந்தான். "அடடே, எங்க ஆட்டக்காரருக்கு மால கூட வாங்கிட்டு வந்திருக்கீங்களே, பெரிய மனசு தம்பி ஒங்களுக்கு" என்று சொல்லி, அவர் கையிலிருந்த மாலையை வாங்கி றொக்சன் கழுத்தில் போட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக முத்துலிங்கத்தைச் சிரிக்காமல் பார்த்தேன். தீபாவளி எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

தீபாவளி முடிந்து வந்த வெள்ளிக்கிழமை பழக்க ஆட்டத்தில் றொக்சன் ஆடியதைப் பார்த்துத் தோட்டமே பேசியது. பனி இறங்கிக் கோல் கம்பமே தெரியவில்லை, அங்கிருந்து அடிக்கிறான், வலைக்குள் பந்து விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. எங்கள் டிவிசன் ஆண்கள் அப்போதே கப்பை வாங்கிவிட்ட நடை நடந்தார்கள். ஜோர்ஜ் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்துக்கொண்டார். "நாளைக்கழிச்சு மேல் டிவிசன்காரிங்க பொங்குற சோத்துல கல்லு கெடக்குதான்னு பாக்கணும்" என்றார். எனக்கும் அதே ஆசைதான். குறிப்பாக முத்துலிங்கத்தின் மனைவி சண்முகவடிவு. ஐந்து வருஷமாக என் கையால் முதல் பந்தியில் சோறு வாங்கித் தின்கிறவள், ஒரு தடவைகூட நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததில்லை. அவள் அண்டா கழுவுவதைப் பார்க்க வேண்டும் என்று மனசு கிடந்து துடித்தது.

சனிக்கிழமை மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கூடையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நெசமாவே இந்தத் தடவ நாங்கதானா?"

"பின்னே?" என்றேன்.

"முந்நூறு பேருக்கு எவ்வளவு அரிசிக்கா போடணும்? எனக்கு இடுப்பு வலி வந்து ஒரு மாசமாச்சு. ஓடையில குனிய ஏலுமான்னு தெரியல. அவர்கிட்ட சொன்னா, ஜெயிச்சிருவோம் போடிங்கிறார்."

இந்த முகத்தைப் பார்க்கத்தானே நான் ஆசைப்பட்டேன்? சனியன், எனக்கு அதில் சந்தோஷமே வரவில்லை. அவள் மேல் கோபம் வந்தது, பிறகு என் மேல் வந்தது. ஜோர்ஜும் முத்துலிங்கமும் கப்பை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். அண்டா இவளிடமிருந்து எனக்கும் என்னிடமிருந்து இவளுக்கும் வந்துகொண்டே இருக்கும். "ரெண்டு மூட்ட போடணும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

சாயங்காலம் நான் தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது முத்துலிங்கம் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் கவலை எனக்குத் தெரியும். தொடர்ந்து ஆறு வருஷம் ஜெயிக்கிற மெனேஜருக்குக் கப் சொந்தம். ஐந்து முடிந்துவிட்டது. கப்பை வைக்க வீட்டில் கண்ணாடி அலுமாரி வேறு செய்துவிட்டார். அதற்குள் லைட் எரியுமாம்.

"அக்கா, றொக்சனக் குடுங்க. மதுரனத் தாரேன்."

"நேரத்துக்கு வராதவன் எனக்கு வேணாம்."

"மதுரனும் கிஷாந்தும். அடுத்த வருசத்து மொதத் தெரிவும் ஒங்களுக்கே. வேற என்னா வேணும், கேளுங்கக்கா. அலுமாரி செஞ்சிட்டேன்க்கா."

நான் தேத்தண்ணியை முழுக்கக் குடித்து முடித்தேன்.

"சமையல்" என்றேன்.

"என்னா?"

"நாளைக்கு யாரு ஜெயிச்சாலும் யாரு தோத்தாலும் ஒங்க டீம்தான் சமைக்கணும். ஆடுன பதினோரு பேரும், மெனேஜரு நீங்களும். பரிமாறுறதும் நீங்க, கழுவுறதும் நீங்க. பொம்பளைங்க யாரும் அடுப்புப் பக்கம் வரக்கூடாது. எங்க டிவிசனும் வரமாட்டோம், ஒங்க டிவிசனும் வரக்கூடாது."

முத்துலிங்கத்துக்குச் சிரிப்புத் திரும்ப வந்துவிட்டது. "இவ்வளவுதானா? சோறு பொங்குறது என்னாக்கா பெரிய வேல? ரெண்டு மணிக்குப் பந்தி போட்டுருவோம்!"

கண்டாக்கையா கொப்பியில் எழுதும்போது, "அம்மா, நல்லா யோசிச்சித்தானா?" என்று இரண்டு தடவை கேட்டார். நல்லா யோசிச்சித்தான் என்று இரண்டு தடவை சொன்னேன். றொக்சனிடம் நானே போய்ச் சொன்னேன். "என்னய மாத்திட்டீங்களா ஆன்ட்டி? பெரிய கிளப்லயெல்லாம் இப்படித்தான் மாத்துவாங்க" என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்டான். கோழிக்கால் மட்டும் யார் பொறுப்பு என்று கேட்டான்.

ஜோர்ஜுக்குத்தான் தாங்கவில்லை. "வித்துட்டியேடி! நம்ம டிவிசன் மானத்தையே வித்துட்டியே!"

"ஆமா, வித்தேன். அஞ்சு வருசமா ஒங்க மானத்த ஓடையில தேச்சிக் கழுவுனது நான்தானே? அப்ப விக்கிற உரிமையும் எனக்குத்தான்."

மேட்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஏழுக்கு ஒன்று. றொக்சன் ஐந்து, மதுரன் இரண்டு. ஜோர்ஜ் கோல் காத்தார், பந்து போனபிறகுதான் ஒவ்வொரு தடவையும் பாய்ந்தார். கிஷாந்துக்கு அந்தப் பக்கத்தில் வேலையே இல்லை, கம்பத்தில் சாய்ந்து நின்றான். ஏழாவது கோல் விழுந்தபிறகு விஜிதரன் பந்தோடு போய், கோட்டுக்கு வெளியே நின்ற முத்துலிங்கத்தைப் பார்த்து, "மாமா, ஒண்ணு போட்டுக்கவா?" என்று கேட்டான். முத்துலிங்கம் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். மாமனார் சம்மதித்துவிட்டாரே என்று கிஷாந்தும் ஒதுங்கி நின்றான். அப்படி விழுந்ததுதான் எங்கள் ஒன்று.

கப்பைத் தூக்கிக்கொண்டு மேல் டிவிசன் மைதானத்தை ஒரு சுற்று ஓடியது. இரண்டாவது சுற்று ஓடப் போனபோது கண்டாக்கையா கொப்பியைத் திறந்து வாசித்தார்.

ஜெர்சியோடு ஆட்டக்காரர்களும் பின்னால் முத்துலிங்கமும் அடுப்படிக்குப் போனார்கள். ஈர விறகு. முதல் அரை மணி நேரம் புகை மட்டும்தான் வந்தது. எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, ஆளுக்கு ஒரு வாளி ஊற்றினார்கள். அரிசி அளக்கப் பாத்திரம் தேடி, கிடைக்காமல், கப்பாலேயே அளந்தார்கள். றொக்சன் வெங்காயம் உரித்து அழுதான். மதுரன் மட்டும் தாமதமாக வந்து சேர்ந்தான். "இப்பதான் விடிஞ்சிச்சா தொரைக்கு?" என்று முத்துலிங்கம் கரண்டியை ஓங்கினார். எங்கள் ஜோர்ஜ் அதையெல்லாம் வேலியோரம் நின்று பார்த்து, முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மானம் போன ஞாபகமே அவருக்கு இல்லை.

இரண்டு மணிப் பந்தி நாலரைக்கு நடந்தது. முதல் பந்தியில் பெண்கள் உட்கார்ந்தோம். கீழ் டிவிசன், மேல் டிவிசன் எல்லாரும் கலந்துதான். எனக்குப் பக்கத்தில் சண்முகவடிவு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்வதும் தப்பு. அடுப்படியில் ஒரு பாத்திரம் உருண்டால் எழும்புகிறாள், பருப்பு அடிப்பிடித்த வாடை வந்தால் எழும்புகிறாள். நான்கு தடவை அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"ஒக்காருங்க! கொப்பியில எழுதியிருக்கு."

"கருகுதுக்கா..."

"கருகட்டும்."

சோறு வந்தது. பாதி கஞ்சி, பாதி அரிசி. பருப்பு கறுப்பு. கறியில் உப்பை மூன்று பேர் தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும். ஆனால் ஆவி பறந்தது. எனக்கு முன்னால் ஆவி பறந்தது, நான் உட்கார்ந்திருந்தேன், என் கால்களை நீட்டிக்கொள்ள இடம் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

சண்முகவடிவு ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய் வைத்தாள். பிறகு குனிந்தபடியே என்னிடம் சொன்னாள்.

"கல்யாணம் முடிச்சி இருவத்திரெண்டு வருசம்க்கா. இவர் கையால இன்னைக்குத்தான் சாப்புடுறேன்."

"எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"வாயில வைக்க ஏலாது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றாள். பிறகு முதுகை நிமிர்த்தி, முந்நூறு பேருக்கும் கேட்கிற மாதிரி அடுப்படியைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"இந்தாங்க! இங்க ரெண்டு பேருக்குச் சோறு!"

முத்துலிங்கம் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.